கறவை மாட்டை வைத்து ஆடிய போக்கர்

பழனிக்குமாருக்கு அன்று வந்தது சாதாரணக் கோபமில்லை. பேத்துப்பாறை மலைக்குளிரிலும் மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. பின்னே? எட்டு மாதம் செல்போனே கதியென்று கிடந்து, போக்கர் சீட்டு ஆடி, 'மாஸ்டர்' பட்டம் வாங்கியிருக்கிறார். காசு வைக்காத சும்மா ஆட்டம்தான், இருந்தாலும் பட்டம் பட்டம்தானே! அதைக் காட்டினால் கட்டின பெண்டாட்டி காளியாயி, "இத நீட்டுனா ரேஷன்ல சீனி கூடப் போடுவாங்களா?" என்று கேட்கிறாள். எந்த ஆம்பளைக்குப் பொறுக்கும்?

அதோடு விட்டாளா? கோவா விஷயத்திலும் குறுக்கே படுத்துவிட்டாள். சுற்றுலா ஜீப் ஓட்டும் செந்தில்வேல், கோவாவில் கேசினோ சூதாட்ட விடுதிக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டிருந்தான். செலவுக்குத் தொழுவத்துக் கறவை மாட்டை விற்றால் தீர்ந்தது. அது காளியாயியின் தாய்வீட்டுச் சீர் என்பது ஒரு சின்ன இடைஞ்சல். அவ்வளவுதான்.

"அங்க போயி நேர்ல ஆட ஒங்களுக்கு என்ன அனுபவம் இருக்கு?" என்றாள் காளியாயி.

"என்ன அனுபவமா? போன்ல மணிக்கு எரநூறு ஆட்டம் பாக்குறேன்டி. கேசினோவுல உக்காந்தா முப்பது ஆட்டம் தேறாது. அப்ப யாருக்கு அனுபவம் ஜாஸ்தி?"

"எரநூறுல ஒருத்தன் மூஞ்சியவாவது பாத்திருக்கீங்களா? எதுத்தாப்புல உள்ளவன் பொய் சொல்றத எத வச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

பொத்தானை அமுக்க அவன் எடுக்கும் நேரத்தை வைத்து என்றார் பழனிக்குமார். காளியாயிக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. அவள் அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். அவர் எந்தப் பொத்தானைப் பார்த்து மாடு பிடித்தார் என்று கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"என்னய ஜெயிங்க. ஜெயிச்சா மாட்ட ஓட்டிட்டுப் போங்க. தோத்தா கோவாங்கற பேச்சே இந்த வீட்டுல வரக்கூடாது."

எட்டு மாதமாக வீட்டுக்குள் அவர் போட்ட கூச்சலில் அவளுக்கும் ஆட்டம் மனப்பாடம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் இருப்பதுபோல நடித்து, பந்தயத்தை ஏற்றி, எதிராளியைப் பயந்து ஓட வைப்பதுதான் சாமர்த்தியம். மூஞ்சியைப் பற்றித்தானே பேசினாள்? பழனிக்குமார் குரங்குக் குல்லாயைத் தாடை வரை இழுத்துவிட்டு, மேலே கருப்புக் கண்ணாடியும் மாட்டி வந்து உட்கார்ந்தார். இப்போது பாருடி!

பட்டர் பீன்ஸ் விதையில் ஆளுக்கு முப்பது எண்ணி வைத்துக்கொண்டார்கள். காளியாயி ஒரு துண்டையும் எடுத்து வந்தாள். சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். அப்படித்தான் பந்தயமும் கட்ட வேண்டும், வாயால் சொன்னால் தனக்கு ஆட வராது என்றாள். பட்டிக்காட்டுப் புத்தி போகுமா என்று தலையில் அடித்துக்கொண்டு பழனிக்குமார் துண்டுக்குள் கையை விட்டார்.

முதல் ஆட்டத்தில் அவருக்கு இரண்டு ராஜா. நாலு விதை என்று நாலு விரலை அழுத்திப் பிடித்தார். அவள் ஆட்டம் வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டாள். அடுத்ததில் அவரிடம் ஒரு மண்ணும் இல்லை. அதே நாலு விரலைப் பிடித்தார். அவள் துணிந்து ஏற்றினாள். இப்படியே போனது. அவருக்கு நல்ல சீட்டு வந்தால் ஒரு விதையோடு கழன்றுகொள்கிறாள், வராத நேரமாகப் பார்த்து மென்னியைப் பிடிக்கிறாள். போனில் ஒரு பய இப்படி ஆடியதில்லையே! பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத சீட்டுக்கு மிச்சமிருந்த விதை அத்தனையையும் வைப்பதாக அவள் கையையே பிடித்து இறுக்கினார். காளியாயி கொஞ்ச நேரம் அந்த விரல்களைப் பிடித்தபடியே இருந்தாள்.

"காட்டுங்க" என்றாள். அவளிடம் இருந்தது ஒரு ஜோடி எட்டு. அதுவே போதுமாக இருந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"பொய் சொல்றப்ப ஒங்க வெரல் சில்லுன்னு ஆயி வேர்க்குது. மொகத்தத்தான மூடுனீங்க?"

பழனிக்குமாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. துண்டை வீசினார், குல்லாயைப் பிடுங்கி எறிந்தார். இது ஆட்டமே இல்லை, போங்கு, பந்தயமாவது மண்ணாவது, மாட்டை இப்போதே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கத்திக்கொண்டே கயிறும் கையுமாகத் தொழுவத்துக்கு ஓடினார்.

தொழுவம் காலியாகக் கிடந்தது. சாணி கூட இல்லை.

"ஏய், மாடு எங்கடி?"

"தங்கச்சி வீட்டுக்கு, பாச்சலூருக்கு அனுப்பிட்டேன்" என்றாள் காளியாயி, விதைகளைப் பொறுக்கிக்கொண்டே.

"அப்ப இல்லாத மாட்ட வச்சா என்கூட ஆடுன?"

"அது போயி நாலு நாளாச்சுங்க. நாலு நாளா நீங்க குடிக்கிறது பாக்கெட் பால் காப்பி."