ஜலஜாவின் டிராம் வண்டிப் பிறந்தநாள்

பவானிபூர், கல்கத்தா
கீலக வருஷம், ஐப்பசி

மகாராஜராஜஸ்ரீ மாமா மஹாதேவய்யர் அவர்களின் பாதங்களில் மாப்பிள்ளை சுந்தரேசன் விழுந்து எழுந்து எழுதிக்கொண்டது. இங்கு நானும், ஜகதாம்பாள் அக்காவும், தங்கள் பேத்தி ஜலஜாவும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், பிரசவத்துக்கு அங்கு வந்திருக்கும் தங்கள் பெண் காமுவின் க்ஷேமத்தையும், மாமியின் முழங்கால் க்ஷேமத்தையும் தனித்தனியே எழுதக் கோருகிறேன்.

நிற்க. ஜலஜாவுக்கு நான் கல்யாணம் செய்துவிட்டதாகத் தங்கள் காதுக்கு ஏதாவது எட்டியிருந்தால் நம்ப வேண்டாம். கல்கத்தாவிலிருந்து மாயவரத்துக்கு ரயிலைவிட வம்பு சீக்கிரம் போய்ச் சேருகிறது. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். போன மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு வக்கீல் உமேஷ் பாபுவின் பெண் லாபண்யாவுக்குப் பிறந்தநாள் வந்தது. தங்கக் கரை போட்டு அச்சடித்த பத்திரிகை அனுப்பியிருந்தார்கள். போய்விட்டு வந்த ஜலஜா, "அப்பா, வர வெள்ளிக்கிழமை எனக்கும் பொறந்தநாள். எனக்கும் பத்திரிகை வேணும். அச்சடிச்சது வேண்டாம், நம்மாத்துலேயே பண்ணணும், டிராம் டிக்கெட் மாதிரி" என்றாள். டிக்கெட் எதற்கு என்றேன். "விருந்தே டிராம் வண்டிதான்ப்பா. பெஞ்சியெல்லாம் வரிசையாப் போட்டு எல்லாரையும் உக்காத்தி வெச்சு, தர்மதலா வந்தா சொஜ்ஜி, காளிகாட் வந்தா பாயசம். நீங்கதான் கண்டக்டர்." எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது, மாமா? என் பக்கத்திலிருந்து என்று நான் சொல்லிக்கொள்கிறேன். தாங்கள் மறுக்கலாம்.

சட்டை வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக் கத்தரித்தோம். எழுத்து வேலை முழுவதும் அவளுடையது. வங்காளியிலும் இங்கிலீஷிலும் முத்து முத்தாக எழுதி, அடியில், "இந்த டிக்கெட் ஒருவருக்குத்தான். தம்பி தங்கைகளை மடியில் வைத்துக்கொள்ளவும்" என்று அவளே ஒரு சட்டமும் போட்டாள். ஓட்டை போடும் வேலை எனக்கு. முதல் ஓட்டை என் கட்டைவிரலில் விழுந்தது. மறுநாள் ஆபீஸில் துரை, விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து என்ன என்று கேட்க, "டிராமினால்" என்று உண்மையைத்தான் சொன்னேன். மனிதர் பதறிப்போய் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். வந்து மிச்ச ஓட்டைகளைப் போட்டேன். சாதப் பசையில் ஒட்டியதை மொட்டை மாடியில் காயவைத்தால் காக்காய் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுபோய்விட்டது. அவை யாரையோ அழைத்ததாகத்தான் கணக்கு.

இவ்வளவும் போதாதென்று, நான் குளிக்கப் போன சமயத்தில் அக்கா எல்லா டிக்கெட்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவி நடுவில் குங்குமத்தை வைத்துவிட்டாள். கேட்டால், "மங்களமில்லாத பத்திரிகையை யாராவது கையால வாங்குவாளாடா?" என்கிறாள். இந்த ஊரில் மஞ்சள் தடவிய பத்திரிகை என்றால் கல்யாணம்தான் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஜலஜா வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் உமேஷ் பாபுவின் சம்சாரம் புதுப் புடவையும் கையுமாக வந்து வாசலிலேயே குலவையிட்டாள். பின்னாலேயே உமேஷ் பாபு குடையை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தார்.

"சுந்தர் பாபு! உங்களைப் படித்தவர் என்று நினைத்தேனே! எட்டு வயதுக் குழந்தைக்குக் கல்யாணமா? அதுவும் டிராமிலா?"

தெருவே கூடிவிட்டது. பிறந்தநாள்தான் என்று விளக்கிச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, இன்றைக்கு இல்லை. என்றைக்கு?" என்று கேட்டார். ஜலஜா என் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். தாங்கள் எழுதியிருந்த தஞ்சாவூர் வரன் என் நினைவுக்கு வராமலில்லை, மாமா. நல்ல இடம், நிலபுலம் உள்ளவர்கள், எல்லாம் வாஸ்தவம். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "இவள் பள்ளிக்கூடப் படிப்பு முழுசும் முடிகிற வரைக்கும் இல்லை" என்று வங்காளியில் சொன்னேன். என் வங்காளிதான் தங்களுக்குத் தெரியுமே. யாருக்கும் புரியவில்லை. உடனே இந்தப் பெண் முன்னால் வந்து, நான் சொன்னதை இலக்கணம் திருத்தி, இன்னும் உரக்கச் சொன்னாள்! உமேஷ் பாபு குடையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். தெரு சாட்சியாகச் சொன்ன வாக்கை இனி மீற முடியாது. தஞ்சாவூர்க்காரர்களிடம் தாங்களே பதமாகச் சொல்லிவிட வேண்டியது.

வெள்ளிக்கிழமை டிராம் ஜாம் ஜாமென்று ஓடியது. தெருவைத் தாண்டிப் போய்விட்ட கல்யாண வதந்தியை நம்பிக் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். காளிகாட்டுக்கு முன்பே பாயசம் தீர்ந்து, மோர் கொடுத்துச் சமாளித்தோம். யாரோ ஒரு குழந்தை எங்கள் டிக்கெட்டை நிஜ டிராமில் நீட்டியிருக்கிறது. அந்தக் கண்டக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் நேரே இங்கு வந்துவிட்டார். "இத்தனை வருஷத்தில் இன்றுதான் உட்கார்ந்து போகிறேன்" என்று கடைசிப் பெஞ்சில் அமர்ந்து இரண்டு வடை சாப்பிட்டார். போகும்போது, எழுத்து யாருடையது என்று விசாரித்தார். "என் பெண்ணுடையது" என்றேன். மாமா, உத்தியோக உயர்வு வந்த அன்றுகூட என் குரல் அப்படி வந்ததில்லை.

மாமிக்கு நமஸ்காரம். காமுவைப் படி ஏறி இறங்க விட வேண்டாம். சுகப்பிரசவத்துக்குக் காளி துணை. நம் ஊர் அபயாம்பிகைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.

இப்படிக்கு,
சுந்தரேசன்

பி.கு.: உறையை ஒட்டும் சமயம் காமுவின் கார்டு வந்தது. ஜலஜாவின் ஜன்ம நக்ஷத்திரம் அடுத்த மாதம், கார்த்திகையில்தான் வருகிறதாம், மறக்காமல் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். எனக்கு ஆபீஸ் தேதி தவிர வேறு தேதி நினைவில் நிற்பதில்லை. குழந்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியும்ப்பா" என்றாள். "பின்னே ஏண்டி இந்த மாசம்னு சொன்னே?" என்றேன். "அடுத்த மாசம் பாப்பா பொறந்துடுமே. அப்புறம் எல்லாரும் அதைத்தானே பாப்பேள்?" என்றாள். ஆகையால் மேலே பிறந்தநாள் என்று கண்ட இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அங்கே என்ன எழுதிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளவும் எனக்கு வரவில்லை. காமுவுக்கு இதை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம், அழுவாள்.