எந்த ஊர் ஜோன்?

பழைய ஆங்கிலேயக் கப்பற் பயணிப் பட்டியல்கள் பலவற்றில் மனைவிமாருக்குப் பெயர் இருப்பதில்லை. கணவனுக்குப் பெயர் உண்டு, கொண்டுபோன பெட்டி படுக்கைக்குக்கூடக் கணக்கு உண்டு. அவளுக்கு ‘மனைவி’ என்ற ஒற்றைச் சொல் போதும். யாழ்ப்பாணத்துத் திருமண அழைப்பிதழ்களும் இந்த விஷயத்தில் ஆங்கிலேயருக்குச் சளைத்தவை அல்ல. ‘திரு. திருமதி சிவநேசம் தம்பதிகள்’ என்று அச்சடித்துவிட்டால், பெற்றவள் யார் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்தத் திருமதியின் பெயர் பவளராணி. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். மகள் நிரோஜாவின் அழைப்பிதழில் தன் பெயரும் வரவேண்டும் என்று கேட்டார்.

“எங்கட பரம்பரையில இல்லாத வழக்கம்,” என்றார் சிவநேசம்.

பரம்பரை என்று வாய்விட்டதும் அவருக்கு இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை கிறகரி, அதே நகரத்துப் புறநகரான புவாண்ட்-கிளேர் வெள்ளைக்காரன். அவனுடைய ஆட்கள் எந்த ஊர் என்று விசாரித்து முடியாமல் அழைப்பிதழே அச்சேறாது என்று சபதம் எடுத்தார்.

“ஏன், மொன்றியல் ஊரில்லையோ?”

“அதுக்கு முதல் பொஸ்ரன் பக்கம். அதுக்கும் முதல் இங்கிலாந்து. இங்கிலாந்தில எந்த ஊர்?”

“நானூறு வருசத்துக்கு முந்திக் கப்பலேறின ஆக்களை இப்ப ஆரிட்டப் போய் விசாரிப்பியள்?”

“கொம்பியூட்டர் எதுக்கு இருக்கு?”

பவளராணி மேற்கொண்டு வாதாடவில்லை. மறுநாளே கிறகரியிடம் கேட்டு, அவன் வீட்டிலிருந்த கப்பற் பட்டியலின் பிரதியை வாங்கி வந்து கணவரின் மேசையில் வைத்தார். அவ்வளவு பணிவைக் கண்டதும் சிவநேசம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவரோ பூரித்துப்போனார்.

மூன்று வாரம் ஓடியது. கிறகரியின் மூதாதை ஜோன் ஹாதர்லி, 1637இல் மசச்சூசெற்ஸில் வந்திறங்கியவர். அதுவரை சரி. ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் இரண்டு ஜோன்கள் அகப்பட்டார்கள்: டெவனில் ஒரு தையற்காரன், சஃபோக்கில் ஒரு விவசாயி. இருவரும் அதே வருடம் ஊரைவிட்டுக் காணாமற்போனவர்கள். எவன் சம்பந்தி வழி என்று தெரியாமல் சிவநேசம் சோறு குறைந்து மெலிந்தார். அச்சகக்கார டனிஸ்ரன் நான்கு முறை தொலைபேசி எடுத்தான், அவர் எடுக்கவில்லை. “அப்பா, சில்வூப்ளே!” என்று நிரோஜா பிரெஞ்சில் கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பவளராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இஞ்சருங்கோ, ரெண்டு பேரும் கலியாணம் கட்டினவையோ?”

“ஓம். டெவன்காரன்ர பெண்சாதி ஆக்னஸ். மற்றவன்ர பெண்சாதி மேரி. தேவாலயப் பதிவுப் புத்தகத்தில கிடக்கு.”

“அப்ப லேசுதானே. கப்பலில வந்தவளின்ர பேர் என்ன?”

சிவநேசம் பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார்.

“மனைவி எண்டு மட்டும் போட்டிருக்கு.”

“கீழ என்னமோ எழுதியிருக்கு?”

“அது பசு. சிவலைப் பசு, ஒண்டு.”

“ஓகோ.”

“விசரன்!” என்று சிவநேசம் மேசையில் அடித்தார். “பசுவின்ர நிறத்தை எழுதியிருக்கிறான், பெண்சாதியின்ர பேரை விட்டிட்டான்! இவனெல்லாம் ஒரு மனிசனோ?”

பவளராணி தன் வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தார். சிவநேசத்தின் காது மெல்லச் சிவந்தது. அழைப்பிதழின் மாதிரித் தாளை இழுத்தார், பேனாவை எடுத்தார், தன் பெயருக்கு முன்னால் ‘பவளராணி’ என்று எழுதினார். முப்பது வருடத்தில் அவர் அந்தப் பெயரை அரசாங்கப் படிவங்களில் தவிர வேறெங்கும் எழுதியதில்லை.

உடனே டனிஸ்ரனை அழைத்தார்.

“தம்பி, ஒரு திருத்தம். பொம்பிளையின்ர தாயின்ர பேரும் வரவேணும். இது என்ர முடிவு.”

“அண்ணை, அக்கா போன மாசமே வந்து திருத்தித் தந்திட்டா. அடிச்சு முடிச்சு வைச்சிருக்கிறன். வந்து எடுங்கோ எண்டு சொல்லத்தான் நாலுதரம் எடுத்தனான்.”

சிவநேசம் தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

“அப்ப ஏனப்பா என்னை மூண்டு கிழமை அலையவிட்டனீர்?”

“அழைப்பிதழில டனிஸ்ரன்தான் அடிச்சவன்,” என்றார் பவளராணி. “நீங்கள் உங்கட கையால எழுதுறதை ஒருக்காப் பாக்க ஆசையாக் கிடந்தது.” எழுதிய அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆவணியில் திருமணம் நடந்தது. அதன்பின் ஆக்னஸா மேரியா என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பவளராணி தாமே எடுத்துக்கொண்டார். கணினியும் மேசையும் அவருக்குப் போயின. சிவநேசம் இப்போது புட்டு அவிக்கப் பழகுகிறார்.