மேலாளரின் கட்டைவிரல்

நிர்வாகம் என்றால் என்னவென்று உலகம் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கண்நோய் பரவிய வாரத்தில், எங்கள் காப்பீட்டு அலுவலக மேலாளர் அதைத் தன் கட்டைவிரலால் கண்டுபிடித்துவிட்டார்.

கண் சிவந்தவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று டாக்டர்கள் தொண்டை வற்றக் கத்தினார்கள். எங்கள் மேலாளர் அதற்கெல்லாம் ஏமாறுகிற ஆளா? லீவு வேண்டுவோர் நேரில் வந்து கண்ணைக் காட்ட வேண்டும். ஒரு கண் சிவந்தால் அரை நாள், இரண்டும் சிவந்தால் முழு நாள். எப்பேர்ப்பட்ட நியாயம்!

முதலில் டிரைவர் அண்ணன் வந்தார். இமை வீங்கி, கண்ணீர் தாடை வரை வழிந்தது.

"மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது சார். காலைல பீளை ஒட்டி இமையே பிரியல."

"பீளை எங்கே?"

"துடைச்சிட்டு வந்தேன் சார்."

"ஆதாரத்தை அழிச்சிட்டீங்க!"

நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மேலாளர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதைக் கழற்றாமலே கட்டைவிரலால் அண்ணனின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"சிவப்பே தெரியலையே. போய் வண்டியை எடுங்க."

அடுத்து காசாளர் அக்கா. "எனக்கு இன்னும் வரல சார். வீட்டுல நாலு மாசக் குழந்தை. இது அடங்குற வரைக்கும் லீவு குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வரலைன்னு நீங்க சொன்னாப் போதுமா? நான் பார்க்க வேணாமா?"

அதே கட்டைவிரல். கை கழுவி அலுவலகத் தண்ணீரை வீணாக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது. அக்காவுக்கு 'ஆரோக்கியச் சான்று' கிடைத்தது, லீவு கிடைக்கவில்லை. கையைக் கழுவச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வரிசையில் அடுத்தவன் நான். வாயை மூடிக்கொண்டு கண்ணை அகலத் திறந்தேன்.

அந்த வாரம் ஒருவருக்கும் லீவு இல்லை. இந்தச் 'சாதனை'யைப் பாராட்ட இயக்குநரே வந்தார். மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். அறை முழுக்கக் கண்ணீர்.

"உங்க மேல இவங்களுக்கு இவ்வளவு பாசமா!" என்று மேலாளரிடம் நெகிழ்ந்து, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்தார். "பாசமில்ல சார், கண்நோய். டிரைவர் அண்ணன்கிட்டேர்ந்து எல்லாருக்கும் இவரு கையாலதான் வந்துச்சு. நேத்துலேர்ந்து என் குழந்தையும் கண்ணைத் திறக்க முடியாம அழுவுது. நீங்களும் இப்போ அந்தக் கையைப் பிடிச்சிட்டுத்தான் கண்ணைத் துடைச்சீங்க."

மேலாளரின் கடமையுணர்ச்சியைச் சொல்லி மாளாது. "பதறாதீங்க சார், சிவந்திருக்கான்னு நான் பார்க்கிறேன்" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு போனார்.

"கிட்ட வராதய்யா! எல்லாருக்கும் லீவு!" என்று இயக்குநர் அலறினார்.

கைக்குழந்தையின் கண்ணுக்காகக் கெஞ்சியும் கிடைக்காத லீவு, இயக்குநரின் கண்ணுக்காக ஒரே நொடியில் கிடைத்துவிட்டது.