சிவப்புக்கு வலது கை

எனக்கு வலது, இடது தெரியாது என்று என் வீட்டில் நம்புகிறார்கள். தெரியும். ஒரே ஒரு நாள் தெரிந்தும் பயன்படவில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இத்தோடு எழுதி ஒழித்துவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. தங்கச்சிமடத்தில் அய்யாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். செலினைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுடைய அப்பா சவரிமுத்து மாமா, மூத்த மருமகனைக் கடலில் பறிகொடுத்தவர்.

"கரையில ஒரு வேலையப் பாத்துட்டு வாலே. கடலுக்குப் போறவனுக்கு இனிப் பொண்ணு இல்ல" என்று முடித்துவிட்டார்.

ரயில் இன்ஜின் வேலைக்கு மனுப் போட்டேன். மதுரைக்குப் பரீட்சைக்கு வரச் சொன்னார்கள்.

ஒரு பலகை. அதில் வலப்பக்கம் ஒரு விளக்கு, இடப்பக்கம் ஒரு விளக்கு. இரண்டுமே சிவப்பாகவும் எரியும், பச்சையாகவும் எரியும். சிவப்பென்றால் வலது கையால் பொத்தானை அழுத்த வேண்டும், பச்சையென்றால் இடது கையால். எந்தப் பக்கம் எரிந்தாலும் சரி. நான் உட்கார்ந்த பெஞ்சின் இடக்கோடியில் அதிகாரி, கையில் கடிகாரத்தோடு.

வலப்பக்கம் சிவப்பு எரிந்தால் கை பறந்தது. இடப்பக்கம் சிவப்பு எரிந்தாலோ இடது கை முந்திக்கொண்டு கிளம்பும். அதை இழுத்துப் பிடித்து வலதை அனுப்புவதற்குள் ரயிலே போய்விடும்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தம்பி. நிறத்தைப் பாருங்க, பக்கத்தைப் பாக்காதீங்க" என்றார் அதிகாரி.

சொல்வது சுலபம். வள்ளத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்த விளிம்புக்குப் பாய்ந்து உட்கார வேண்டும். யோசித்தால் கவிழும். பத்து வயதிலிருந்து பாய்ந்த உடம்பு இது. வலப்பக்கம் பளிச்சென்று பச்சை எரிந்தது. கையை அடக்கிவிட்டேன், உடம்பை அடக்க மறந்துவிட்டேன். பெஞ்சின் வலக்கோடிக்கு ஒரே பாய்ச்சல். இடக்கோடி மேலே எழும்ப, அதிகாரி கடிகாரத்தோடு என் மடியில் வந்து விழுந்தார். "ஏலே, புடிச்சுக்க!" என்று கத்தினேன் வேறு. (அதிகாரியைப் பார்த்து!)

வேலை போயிற்று. செலினும் போனாள் என்று நினைத்துக்கொண்டே மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"யோசிக்காமலா பாஞ்ச?"

"யோசிச்சிருந்தா வேல கெடச்சிருக்குமே மாமா."

"மூத்த மருமவன் காத்து அடிச்சப்ப யோசிச்சுக்கிட்டு நின்னுட்டான்லே. நீ கடலுக்குப் போனாலும் திரும்பி வந்துருவ" என்றார் மாமா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த மாதமே மாதா கோயிலில் பூசையின்போது எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள்.

கரை வேலை தேடிப் போனவன் அதற்குப் பிறகு முப்பது வருஷம் கடலிலேயே கிடந்தேன். அலுப்போடு வீடு வந்தால் இந்தக் கதைதான் காத்திருக்கும். கல்யாண வீடோ, பஸ்ஸோ, என் பக்கத்தில் உட்காருகிற சொந்தக்காரர்கள் முதலில் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

செலின் மட்டும் என்னைப் பிடித்துக்கொள்கிறாள்.