கோணாமலையின் முன்சில்லுகள்

பின்சில்லுகள் இரண்டும் வட்டைச் சேற்றை வாரி வாரி இறைத்தன. முன்சில்லுகள் இரண்டும் நமக்கென்ன என்று நின்றன.

கோணாமலை ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். ஒரு கை சேறு வந்து கன்னத்தில் அப்பியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அத்தான், இறங்கி வாங்க. கயிறு கட்டுறன்," என்றான் தனோஜன். அவருடைய மனைவி யசோதினியின் தம்பி. சொந்தமாக உழவு மெஷின் வைத்திருந்தான். அக்காவின் புருஷனைச் சேற்றிலிருந்து இழுத்தெடுப்பது அவனுக்கு வேலையுமாயிற்று, பொழுதுபோக்குமாயிற்று.

"கயிறு கட்டு. போனை வை."

"போன கிழம போட்ட வீடியோவ சவூதியில இருந்தெல்லாம் பார்த்திருக்காங்க அத்தான். அடுத்தது எப்ப எண்டு கேக்கிறாங்க."

வெல்லாவெளியில் மாரி தொடங்கிவிட்டால் ஊருக்கும் வட்டை எனும் வயல்வெளிக்கும் இடையில் பாதை என்று ஒன்று இராது, சேறுதான் இருக்கும். அதைக் கடக்கத்தான் கோணாமலை அந்தக் கிழட்டு ஜீப்பை வாங்கினார். நாலு சில்லும் இழுக்கும் என்று விற்றவன் சொன்னான். வாங்கிய பிறகு திறந்து பார்த்தால் முன் அச்சுக்குள் பல்லுச்சக்கரமே இல்லை. யாரோ முன்பே கழற்றி விற்றிருந்தார்கள்.

வீட்டில் யசோதினி நாடாவால் ஜீப்பை அளந்துகொண்டிருந்தாள். ஜீப்பையல்ல, அது நின்ற இடத்தை.

"இதில என்ட தையல் கொட்டில் போடப்போறன். சாமானக் கிளப்புங்க."

மட்டக்களப்பு வழக்கப்படி வீடு யசோதினியின் சீதனம். கலியாணம் முடித்து வந்து குடியேறியவர் கோணாமலை. வீடு அவளுடையதென்றால் வளவும் அவளுடையது, வளவில் விழும் ஜீப்பின் நிழலும் அவளுடையது. ஆகவே அவர் குரலை உயர்த்தவில்லை.

"யசோ, விதைப்பு வரைக்கும் பொறு. முளைநெல்ல நான் இதில வட்டைக்குக் கொண்டு போய்க் காட்டுறன்."

"தனோஜன்ட மெஷின் இழுக்காம?"

"ஆரும் இழுக்காம."

"போகாட்டி?"

"போகாட்டி நீயே வித்துப்போடு. நான் வாய் திறக்கமாட்டன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் சொன்னால் சொன்னதுதான். அந்த விஷயத்தில் கோணாமலை உடும்பு. முளைகட்டிய நெல்லைச் சாக்கில் வைத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க முடியாது. அன்றைக்கே சேற்றில் விழ வேண்டும். ஜீப்புக்கும் அன்றைக்கே தீர்ப்பு.

அந்த வீட்டில் அவர் பக்கம் நின்றவர் ஒரே ஒருவர், யசோதினியின் தாய், மாமி சீதேவிப்பிள்ளை. "மருமகன் வெல்லுவார். எனக்குத் தெரியும்," என்றார் மாமி. கோணாமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

மண்முனைப் பாலம் தாண்டி, முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் றிஸ்லான் கராஜ் வைத்திருந்தான். ஜீப்பின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அண்ணன், புதுச் சாமான் எண்டா கொழும்புக்குப் போகோணும். உங்கட கையில இரிக்கிற காசுக்குப் பழசுதான். நான் தேடித் தாறன்."

கொட்டிலில் கட்டியிருந்த ஆடுகள் இரண்டும் பல்லுச்சக்கரங்களாக மாறின. றிஸ்லான் முன் அச்சை நிரப்பி, ஜீப்பை நாலு கட்டையில் ஏற்றி ஓட்டிக் காட்டினான். நாலு சில்லும் காற்றில் அழகாகச் சுழன்றன.

"இனிக் கவனமாக் கேளுங்க. சேறு வந்தா இந்தச் சின்ன லீவர முன்னுக்குத் தள்ளுங்க. கிளச்ச மெதுவா விடுங்க. முன்சில்லுக்கு நடுவுல இரிக்கிற இந்தக் கோடு போட்ட மூடியத் திருப்பிப் பூட்டியிரிக்கன். இது திரும்பிட்டா முன்சில்லு சும்மா உருளும், இழுக்காது. இதில நீங்க கை வைக்கவே வேணாம்."

"என்ட விரல்கூடப் படாது தம்பி," என்றார் கோணாமலை. அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மறுநாள் வெள்ளோட்டம். மாமி குளித்து முழுகி வந்து நின்றார். ஜீப்பைச் சுற்றிக் கற்பூரம் காட்டினார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். முகப்பு, கண்ணாடி, சில்லுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்துத் திருத்தமாகப் பொட்டிட்டார். கோணாமலை பழங்களை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினார்.

சேற்றில் லீவரைத் தள்ளினார். கிளச்சை மெதுவாக விட்டார். பின்சில்லுகள் இறைத்தன. முன்சில்லுகள் நின்றன. தனோஜன் போனோடு வந்தான்.

"அத்தான், இந்தப் பொட்டு வீடியோவில நல்லா விழும்."

றிஸ்லானுக்கு விளங்கவில்லை.

"மூடியில கை வைச்சீங்களா?"

"களுதாவளைப் பிள்ளையார் சத்தியமா வைக்கல்ல."

றிஸ்லான் குனிந்து முன்சில்லின் மூடியைத் தொடப்போனான். சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக அதன்மேல் இருந்தன. கையைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

"சாமிப் பொட்டு. நான் துடைக்கப்படா. பரவாயில்ல, நான் பூட்டினது பூட்டினபடிதான் இரிக்கும். முன்சில்லுக்குச் சக்தியப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டிதான் தேஞ்சிரிக்கோணும்."

இம்முறை கோணாமலையின் மோட்டார் சைக்கிள் போயிற்று. ஓட்டமாவடியிலிருந்து வேறொரு பெட்டி வந்தது. பூட்டிவிட்டுத் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜீப் குதிரையாக ஓடியது. தார் ரோட்டில் முன்சில்லு இழுக்கிறதா, பின்சில்லு தள்ளுகிறதா என்று யார் கண்டார்கள்?

சேறு கண்டுபிடித்துவிட்டது. இம்முறை புதுப் பெட்டியின் பாரமும் சேர, ஜீப் முன்னையைவிட ஆழமாக இறங்கியது. தனோஜன் கயிற்றை இரட்டையாகக் கட்டினான்.

"விடுங்களேன்," என்றாள் யசோதினி. மோட்டார் சைக்கிளும் போய், மனுசன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்க அவளுக்கும் பாவமாக இருந்தது. "உங்களுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கித் தாறன்."

"நாலு சில்லும் இழுக்குமெண்டா சொல்லு, வாங்குவம்," என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தார்.

மோதிரம் போன வழியில் இன்னொரு முழு முன் அச்சு வந்தது. பழசுதான், ஆனால் சில்லுமூடியிலிருந்து எல்லாமே வேறு. றிஸ்லான் தன் கையால் மூடிகளைப் பூட்டினான். கட்டையில் ஏற்றிப் பார்க்கவில்லை, தாரில் ஓட்டிப் பார்க்கவில்லை. நேரே மண்முனை வாவிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் இறக்கினான்.

நாலு சில்லும் இழுத்தன! ஜீப் உறுமிக்கொண்டு சேற்றிலிருந்து ஏறிக் கரைக்கு வந்தது. வலை உதறிக்கொண்டிருந்த மீன்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். கோணாமலை றிஸ்லானைக் கட்டிப்பிடித்தார். இருவரும் சேற்றோடு தேத்தண்ணி குடித்தார்கள்.

"இனி ஆண்டவனாலயும் நிப்பாட்டேலா அண்ணன்."

"அப்பிடிச் சொல்லாத தம்பி," என்றார் கோணாமலை. மாமியிடம் கேட்டிருந்தால் மாமியும் அதையே சொல்லியிருப்பார்.

விதைப்பு நாள் வந்தது. முளைநெல் சாக்குகளை ஜீப்பில் ஏற்றினார். மாமி முன்னைவிட விரிவாகப் பூசை செய்தார். பழைய மூடி போய்ப் புது மூடி வந்திருந்ததால் பொட்டும் புதிதாகப் பெரிதாக வைத்தார். வட்டை வரம்பில் அயல் வயல்காரர் எல்லாரும் நின்றார்கள். யசோதினி குடை பிடித்து நின்றாள். தனோஜன் போனை நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

லீவர். கிளச். பின்சில்லுகள் சேற்றை வாரி இறைத்தன.

முன்சில்லுகள் நின்றன.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கோணாமலைக்கு ஆகக் கூடுதலாக வலித்தது. தனோஜன்கூடப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுச் சாக்குகளை மெஷினுக்கு மாற்றினான். நெல் தப்பியது. ஜீப் தப்பவில்லை.

அவர் வாய் திறக்கவில்லை. சொன்னால் சொன்னதுதான்.

யசோதினி றிஸ்லானுக்கே ஜீப்பை விலை பேசி முடித்துவிட்டாள். அவன் எடுத்துப்போக வந்தபோது வளவில் தையல் கொட்டிலுக்குக் கப்புத்தூண் நடக் கிடங்கும் வெட்டியாயிற்று. கோணாமலை சாவியை நீட்டினார். வாங்க றிஸ்லானுக்குக் கை வரவில்லை. ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மண்முனையில நாலும் இழுத்த ஜீப் அண்ணன்! என்ட கண்ணால பார்த்தன். இஞ்ச வந்தா மட்டும் என்ன வருகுது இதுக்கு? எனக்கு நித்திர இல்ல."

"ராசியில்ல தம்பி. விடு."

"இல்ல, இதப் பார்க்காம நான் கொண்டு போகமாட்டன்." றிஸ்லான் முன்சில்லின் அருகில் குந்தினான். உள்ளங்கையளவு சந்தனமும் குங்குமமும் அவனைப் பார்த்தன. அடுப்படிக் குசினிப் பக்கம் திரும்பினான். "மாமி, குறை நினைக்காதீங்க. இந்தப் பொட்ட உங்கட கையால துடைச்சுத் தாங்களன்."

சீதேவிப்பிள்ளை ஈரத்துணியோடு வந்தார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. மருமகனின் ஜீப் போவது அந்த வீட்டில் அவருக்குத்தான் பொறுக்கவில்லை. பொட்டைத் துடைத்தபடியே றிஸ்லானைக் கடிந்துகொண்டார்:

"துடைச்சுத் தாறன் மனே, ஆனா நீயும் கொஞ்சம் கவனமாப் பூட்டப் பழகு, உன்ட கராஜால வரக்குள்ள எல்லாம் இந்த மூடி சரிஞ்சுதான் வருகுது, பொட்டு நேரா நிக்கோணுமெண்டு நான்தான் ஒவ்வொருக்காலும் திருப்பி நேராக்கி விடுறனான்."