சிஸ்டம்டி வேண்டாம் என்ற கிருபாசங்கர்

தான் உயிரோடு இருக்கும்வரை சிஸ்டம்டி இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியைப் பிட்ட கையோடு கிருபாசங்கர் அறிவித்தார்.

அவர் மனைவி லோகப்பிரியா சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, யாரை டி போட்டுப் பேசறீங்க?"

"யாரையும் இல்ல அம்மணி. அதோட பேரே அப்படித்தான்."

"பொம்பளைங்களா?"

"சாஃப்ட்வேரு கண்ணு."

கிருபாசங்கர் கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கோயமுத்தூரில் அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். சத்தியமங்கலம் பக்கம் ஒரு நூலகத்தின் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். அதில் பழைய இனிட்டா, ஊரெல்லாம் மாறிவிட்ட சிஸ்டம்டியா என்று குழு இரண்டாகி, மூன்று வாரமாக யாரும் யாருக்கும் குட்மார்னிங் அனுப்புவதில்லை.

"கம்ப்யூட்டரு பட்டனைத் தட்டுனா உள்ளே மொதல்ல எந்திரிக்கறவன்தான் இனிட்டு. அவன்தான் மத்தவங்களை எழுப்போணும்," என்று விளக்கினார். "பழசு ஒவ்வொருத்தரா, வரிசையா எழுப்பும். அடக்கமா இருக்கும். புதுசு எல்லாத்தையும் ஒண்ணா எழுப்பிப்போட்டு, கடிகாரம், நெட்டுன்னு அத்தனையும் தன் கையிலயே வெச்சுக்குது. ஒரே ஆளு எல்லாத்தையும் பாத்தா ஊடு வெளங்குமா?"

நாலரைக்கு எழுந்து, மோட்டார் போட்டு, பால் காய்ச்சி, அவரையும் மகள் கனிஷ்காவையும் எழுப்பிவிட்டு, தன் செக்கெண்ணெய் ஆர்டர்களையும் முடித்திருந்த லோகப்பிரியா இட்லிப் பாத்திரத்தைத் திறந்தாள்.

"இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?" என்றாள்.

மத்தியானம் குழு அவர் வீட்டில் கூடியது. எதிரணித் தலைவர் வரதராஜுலு. பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"புதுசு வேகமுங்க," என்றார்.

"வேகமா? எங்க ஊட்டு மெசினு ஒம்பது வருசப் பழசு. பழைய இனிட்டு. பாக்கறீங்களா?"

கிருபாசங்கர் பட்டனைத் தட்டினார். லோகப்பிரியா எண்ணெய் பாட்டிலுக்கு லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டர் அது. அவர் அதைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும். பத்தே விநாடியில் திரை பளிச்சென்று வந்து நின்றது. அவருக்கே ஆச்சரியம். காட்டிக்கொள்ளவில்லை.

"பழசோட அருமை இதுதானுங்க," என்றார்.

வரதராஜுலு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு கட்டளையைத் தட்டினார். முதலில் எழுந்தவன் பெயர் திரையில் வந்தது. சிஸ்டம்டி.

மிக்சர் மென்றுகொண்டிருந்த குழு உறுப்பினர் கதிரேசன் மெல்வதை நிறுத்தினார்.

"மார்கழியிலயே மாத்திப்போட்டனுங்க," என்றாள் காப்பித் தட்டோடு வந்த லோகப்பிரியா. "பழசுல பிரிண்டரு எந்திரிக்கறதுக்குள்ள கொரியர்காரரு வந்துட்டுப் போயிருவாருங்க."

"யாரு மாத்திக் குடுத்தாங்க?" கிருபாசங்கரின் குரல் இறங்கியிருந்தது.

"நானேதானுங்க. குழு வெப்சைட்ல கேட்டேன். ஒருத்தரு ஒம்பது பக்கம் எழுதி அனுப்புனாரு. ஒரு எடத்துலகூடத் தப்பில்லீங்க."

"யாருங்க அது?" என்றார் வரதராஜுலு.

"இவருதானுங்க."

கிருபாசங்கருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அமராவதி என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டிருந்தார். 'எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யவேண்டும்' என்று ஆரம்பித்து, கம்பெனியில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. லோகப்பிரியாவின் பிறந்த ஊர் தாராபுரம் என்பதும், அங்கே ஓடும் ஆறு அமராவதி என்பதும் அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்கிட்ட நேர்ல கேட்டிருக்கலாமல்ல, கண்ணு?"

"நேர்ல கேட்டா வரலாறு சொல்லுவீங்க. அங்க கேட்டா வழி சொல்றீங்க."

பேச்சை மாற்ற, ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார் கிருபாசங்கர். மூன்றுக்கு மூன்று வந்தது. அவருக்கு உயிர் வந்தது.

"சமமா வந்தா பழசே இருக்கட்டுமுங்க."

"அமராவதியும் மெம்பருதானுங்களே," என்று லோகப்பிரியா கையைத் தூக்கினாள்.

வெப்சைட்டில் சேர்ந்து ஆறு மாதமானவருக்கு ஓட்டு உண்டு. அந்த விதியை எழுதியவரும் கிருபாசங்கர்தான். மார்கழி போய் இது ஆடி.

"எனக்குச் சம்மதமில்லைன்னு எழுதிக்குங்க," என்றார் அவர்.

"எழுதிக்கிட்டனுங்க," என்றார் வரதராஜுலு பணிவாக. "பன்னெண்டு மெசினுக்கும் போயி ஏத்தறது யாருங்க?"

எல்லோரும் ஒன்பது பக்கம் எழுதியவரைப் பார்த்தார்கள். நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது என்று சொல்ல அவர் வாயெடுத்தார்.

"காலைல ஆறு மணிக்கு சத்தி பஸ்ஸுங்க," என்றாள் லோகப்பிரியா, காலி டம்ளர்களை எடுத்தபடி. "லீவு சொல்லியாச்சு. பையும் நேத்தே கட்டி வெச்சுப்போட்டேன்."