வராத லாரிக்குப் பச்சைப் பொத்தான்

புதிதாக வரும் எதையும் தானே முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று துடிப்பவனால் வீட்டுக்கும் கேடு, ஊருக்கும் கேடு. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் மலைமேல் இருக்கும் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டுக்குத் திரும்பியிருந்தேன். செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் மென்பொருள் ஒன்று பீட்டாவாக வெளிவந்திருந்தது. பொத்தானை இழுத்து வைத்தால் போதும், செயலி தயாராம். பலாப்பழம் வாங்க வரும் லாரி மலையேறியதும் ஊராருக்கு அறிவிப்பு போகும்படி ஒன்று செய்யக் கிளம்பினேன். (“ஹாரன் சத்தங் கேட்டாப் போதாதா சாமி?” என்று அம்மா கேட்டார். பாமர மக்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

‘இது சோதனைப் பதிப்பு, பிறர் போனை இணைக்காதீர்கள்’ என்று முதல் திரையிலேயே எழுதியிருந்தது. படிக்காமலே ஒப்புக்கொண்டு, வீடு வீடாகப் போய் எல்லோருடைய போனையும் இணைத்தேன்.

மறுநாள் காலை, எழுத்து திரையில் அடங்குகிறதா என்று பார்க்க, ‘லாரி வந்துவிட்டது’ என்று மாதிரிக்கு அடித்தேன். என் போனில் மட்டும் தெரியும் என்ற நினைப்பு. எழுத்து சிறியதாகப் பட்டது, பெரிதாக்கினேன். பச்சைப் பொத்தான் எடுப்பாக இல்லை, சிவப்பாக்கினேன். நான் திருத்தத் திருத்த ஊர்ப் போன்கள் மணியடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. சிவப்பைப் பார்த்ததும் லாரி கிளம்பப்போகிறது என்று பதறியிருக்கிறார்கள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். சின்னம்மா தலையில் பலாவோடு ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். என்ன உழைப்பு என்று வியந்து கையசைத்தேன். (இதை நினைத்தால் இன்றும் போர்வைக்குள் முகம் புதைத்துக்கொள்வேன்.)

மதியம் அம்மா வந்து நின்றார்.

“ஏஞ்சாமி, லாரி எங்க?”

“எந்த லாரிம்மா?”

“செவப்புல கூப்புட்டியே, அந்த லாரி.”

ரோட்டோரம் பலா மலையாகக் கிடந்தது. நிஜ லாரி வர இன்னும் ஒரு வாரம் ஆகும். முத்தியது அதற்குள் பிளந்துவிடும், முத்தாதது பழுக்கவே பழுக்காது. சின்னம்மாவின் மரம் அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது. ஒரு காய்கூட மிச்சமில்லை.

“நீ சொன்னா சரியா இருக்கும்னுதான் கண்ணு, பிஞ்சையுஞ் சேத்து வெட்டிப்போட்டேன்” என்றார் சின்னம்மா. திட்டியிருந்தால் தேவலை.

குழம்பு, பொரியல், வறுவல் என்று ஊரே பலாவைத் தின்று தீர்த்தது. என் பேச்சை மட்டும் யாராலும் செரிக்க முடியவில்லை.

பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று, “அவங்க வண்டி வந்தாச்சு, டீயைப் போடுங்க” என்று நானே ஓடிவந்து சொன்னேன். சின்னம்மா அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை.

“இரு கண்ணு” என்றார். “ஹாரன் சத்தங் கேக்கட்டும்.”